நான்சென் தந்த காகிதம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆம்ஸ்டர்டாமில் வேலை செய்கிறேன். அதற்கு முன் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்தேன். இப்போது நெதர்லாந்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவிருக்கிறேன். கிடைத்துவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அப்பாவுக்கு இதில் பெரிய வருத்தம். “நான் உலகக் குடிமகன் அப்பா, எந்த நாட்டுக் காகிதமாக இருந்தால் என்ன?” என்றேன். அதற்குப் பிறகு அவர் சரியாகப் பேசுவதில்லை. நான் சொன்னது தவறா?

க.

அன்புள்ள க.,

தாராளமாக விண்ணப்பியுங்கள். பிழைக்கப் போன இடத்தில் உரிமையோடு வாழ நினைப்பது குற்றமே அல்ல. ஆனால் உங்கள் வார்த்தை என்னை உறுத்துகிறது. கையில் ஒரு காகிதம் இருந்து, இன்னொன்றும் வரப்போகிறவரால்தான் அப்படிப் பேச முடியும்.

1921 டிசம்பரில் சோவியத் அரசு, புரட்சிக்குப் பின் வெளியேறிய லட்சக்கணக்கான ரஷ்யர்களின் குடியுரிமையை ஒரே ஆணையில் பறித்தது. பாரிஸிலும் பெர்லினிலும் இருந்தவர்கள் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லர் என்றானார்கள். எல்லையைக் கடக்க முடியாது; துரத்தினால் போக இடமும் கிடையாது. நார்வேக்காரரான ஃபிரித்யோஃப் நான்சென் அப்போது சர்வதேசச் சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த லீக் ஆஃப் நேஷன்ஸ்) அகதிகள் ஆணையர். கிரீன்லாந்தின் பனிப்பரப்பைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் கடந்த மனிதர். 1922-இல் அவர் அரசுகளை உட்காரவைத்துப் பேசி ஓர் அடையாளச் சான்றிதழை ஏற்கச் செய்தார். பின்னாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அதை வைத்திருந்தவர்கள்தாம்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. சான்றிதழில் ஒட்டும் ஸ்டாம்புக்கு விலை 5 பொன் பிராங்க். வசதியுள்ள அகதி அதை வாங்கி ஒட்ட வேண்டும், இல்லாதவருக்கு இலவசம். சேர்ந்த பணம் அகதிகளுக்கே போனது. நாடற்ற ஒருவர் நாடற்ற இன்னொருவருக்காகச் செலுத்திய வரி அது. நாடு என்ற ஒன்று இல்லாத இடத்திலும் குடிமக்களின் கடமை உயிரோடு இருந்தது. உலகக் குடிமை என்றால் என் நினைவுக்கு முதலில் வருவது அந்த ஸ்டாம்புதான்.

கேரி டேவிஸையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானியாக இருந்தவர், 1948-இல் பாரிஸில் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து, தானே உலகப் பாஸ்போர்ட் அச்சிட்டு வழங்கியவர். அவருடைய துணிவை மதிக்கிறேன். ஆனாலும் என் மனம் நான்சென் பக்கமே சாய்கிறது. டேவிஸ் தன்னிடம் இருந்ததைத் துறந்தார். நான்சென் பிறரிடம் இல்லாததைப் பெற்றுத் தந்தார்.

டேவிஸ் விரும்பித் துறந்த அதே 1948-இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று. அந்தத் தேயிலைத் தொழிலாளர்களை ஒருவரும் கேட்கவில்லை. இலங்கையில் எஞ்சியவர்களுக்குச் சட்டம் முழுமையாக இரங்கியது 2003-இல். இன்றும் தமிழகத்தின் இலங்கை அகதிகள் முகாம்களில், இங்கேயே பிறந்தும் இந்தியக் குடியுரிமை இல்லாத இளைஞர்கள் இருக்கிறார்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும் என்பது சட்டம். உங்கள் வயதுதான் அவர்களுக்கும்.

ஆகவே பல நாடுகளில் வசித்ததை உலகக் குடிமை என்று என்னால் ஏற்க முடியவில்லை. நம் குடியுரிமையின் பலத்தை அது இல்லாதவருக்காகப் பயன்படுத்தும்போதுதான் அந்தப் பெயர் பொருந்துகிறது.

உங்களுக்கு நெதர்லாந்துப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வரும். அந்நாட்டின் வடகிழக்கில் தேர் ஆப்பல் என்ற ஊரில், அடைக்கலம் தேடி வருவோரைப் பதிவு செய்யும் மையம் இருக்கிறது. 2022 கோடையில் அங்கே இடம் போதாமல் நூற்றுக்கணக்கானோர் வெட்டவெளியில் படுத்துறங்கினார்கள். வாக்குக் கேட்டு வரும் கட்சிக்காரரிடம், அந்த மையத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். மறுபடியும் எழுதுங்கள்.