வாசகர் கேள்விகள்: மெகாபோன் யார் கையில்?

கேள்வி: புயல், வெள்ளக் காலங்களில் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்கிறீர்கள். நிவாரணப் பணிக்கும் அவர்களே தலைமை ஏற்க வேண்டும் என்பது சுமைக்கு மேல் சுமை ஏற்றுவதாகாதா?
- வாசகி ஒருவர்

பதில்: உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வங்கதேசத்தில் 1991 ஏப்ரல் 29 அன்று கரையைக் கடந்த புயலில் சுமார் 1,40,000 பேர் மாண்டனர். 20 முதல் 44 வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் என்றால், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. அலை ஆளைப் பார்த்து அடிக்கவில்லை. பொது இடங்களில் ஆண்களிடம் சொல்லப்பட்ட எச்சரிக்கை பல வீடுகளுக்குள் வந்து சேரவில்லை. சேர்ந்த இடங்களிலும், கணவன் வந்து சொல்லட்டும் என்று குழந்தைகளுடன் காத்திருந்த பெண்கள் பலர். அந்நிய ஆண்களோடு நெருக்கியடித்து, தனிக் கழிப்பறைகூட இல்லாமல் இரவைக் கழிக்க வேண்டிய புகலிடத்துக்குப் போகவும் அவர்கள் தயங்கினார்கள்.

இன்று அந்நாட்டின் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் 76,000 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். வாசலில் மெகாபோனோடு வந்து நிற்பவர் அதே ஊர்ப் பெண்ணாக இருந்தால், உள்ளே யார் நிறைமாதக் கர்ப்பிணி, எந்தப் பாட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். பின்னர் வந்த புயல்களில் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்ததற்குக் கூடுதல் புகலிடங்களும் மேம்பட்ட முன்னறிவிப்பும் முக்கியக் காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த முன்னறிவிப்பை அடுப்படிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

இனி அந்தப் பாதி நியாயம். முகாமில் சமைப்பதையும் துப்புரவையும் பெண்களிடம் விட்டுவிட்டு, அதற்குத் 'தலைமை' என்று பெயர் சூட்டினால் அது நீங்கள் சொல்லும் சுமையேதான். பயனாளிகள் பட்டியலை இறுதி செய்வதும் காசோலையில் கையெழுத்திடுவதும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் நிவாரணம் எழுதப்படும் இடத்தில், கணவனால் கைவிடப்பட்டவர் விடுபட்டிருப்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் உடனே கண்டுபிடித்துவிடுவார்; திருத்தும் அதிகாரம் இல்லாவிட்டால் கண்டுபிடித்து என்ன பயன்? மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தையாவது உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குத் தருவோம் என்று 2016-இல் இஸ்தான்புல்லில் பெரிய கொடையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். குறித்த 2020-க்குள் அந்த இலக்கு எட்டப்படவில்லை. பெண்கள் நடத்தும் சிறு அமைப்புகள் அந்த வரிசையிலும் கடைசியில்தான் நிற்கின்றன.

கேள்வி: நிவாரணப் பணியில் பெண்கள் தலைமை ஏற்க வேண்டும் என்பதற்குச் சர்வதேசச் சட்டம் உண்டா?

பதில்: கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. 2015-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் ஏற்கப்பட்டு, 2030 வரை நடப்பிலிருக்கும் பேரிடர் அபாயக் குறைப்புச் சட்டகம் பெண்களின் பங்கேற்பை இன்றியமையாதது என்கிறது. ஆனால், அது எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.