எபிடாரஸில் விழுந்த நாணயம்

அன்புள்ள ஐயா,

கிரேக்கத்தில் எபிடாரஸ் கல் அரங்கத்தைப் பார்த்துவந்தோம். கீழே நடுவட்டத்தில் வழிகாட்டி ஒரு நாணயத்தைப் போட்டார். உச்சி வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. 2,300 ஆண்டுகளாக இடைவிடாமல் நாடகம் நடக்கும் இடம் என்றார். மைக் இல்லாத காலத்தின் அந்த ஒலி அறிவியலை நாம் தொலைத்துவிட்டோமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் வழிகாட்டி வரலாற்றில் கொஞ்சம் தாராளம் காட்டிவிட்டார். மருத்துவக் கடவுள் அஸ்க்லேபியஸின் கோயிலை ஒட்டி, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அரங்கம் அது. நோய் தீரக் கோயிலில் படுத்து, கடவுள் கனவில் வருவார் என்று காத்திருந்தவர்களும் அங்கே நாடகம் பார்த்திருப்பார்கள். முதலில் 34 வரிசைகள்; பிற்பாடு மேலே 21 சேர்த்தார்கள். கோயில் வழக்கொழிந்ததும் அரங்கத்தை மண் மூடியது. மூடியதால்தான் இருக்கைக் கற்கள் களவு போகாமல் தப்பின. 1881இல் தொல்லியலாளர் பனாயிஸ் கவாடியாஸ் தோண்டத் தொடங்கினார். புதுயுகத்தின் முதல் நாடகம் 1938இல்தான்: டிமிட்ரிஸ் ரொண்டிரிஸ் இயக்கிய, பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘எலெக்ட்ரா’. ஆண்டுதோறும் விழா என்றானது 1950களில்.

இனி நாணயம். 2007இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள்: படிப்படியான சுண்ணாம்புக்கல் இருக்கைகள் கூட்டத்தின் இரைச்சல் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகளை மட்டுப்படுத்துகின்றன, குரலிலுள்ள உயர்ந்த சுருதி ஒலிகள் தெளிவாக வருகின்றன. பத்து ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் கருவிகளோடு போய் அளந்தார்கள். நாணயம் விழும் சத்தம் கடைசி வரிசைவரை எட்டும். ஆனால் அது நாணயம்தான் என்று இனங்காண முடிவது பாதி உயரம்வரைதான். கிசுகிசுப்பு முன்வரிசைகளோடு நின்றுவிடும். கடைசி வரிசைக்குச் சொல் புரிய வேண்டுமானால் நடிகர் உரக்கப் பேசியாக வேண்டும். நாணயம் விழப்போவது உங்களுக்கு முன்பே தெரியும் அல்லவா? காதுக்கு அது பெரிய உதவி.

இதைச் சொன்னால் பலர் கோபிக்கிறார்கள், ஏதோ கடவுளை இழித்துவிட்டதுபோல. எனக்கோ மதிப்பு கூடுகிறது. வட்டத்தின் நடுவிலிருந்து கடைசி வரிசை ஏறக்குறைய 60 மீட்டர். அந்தக் காலத்தில் முகமூடி அணிந்த நடிகர் அவ்வளவு தூரத்துக்கும் தன் குரலைக் கொண்டுசேர்த்தார். புகழை முழுவதும் கல்லுக்கே கொடுத்துவிட்டால் அவருடைய பயிற்சிக்கு என்ன மிச்சம்? பின்னணியில் நின்ற மேடைக் கட்டடமும் இன்று இல்லை, அடித்தளம் மட்டுமே இருக்கிறது. குரலைத் திருப்பியனுப்பிய சுவர் போய்விட்டதால், பழைய பார்வையாளர் கேட்டதை நாம் அப்படியே கேட்கவும் முடியாது. தொலைந்ததைத் தேடுவதானால் அந்தச் சுவரிலிருந்தும் நடிகர்களின் குரற்பயிற்சியிலிருந்தும் தொடங்கலாம்.

மறுபடி போனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், வெள்ளி அல்லது சனி இரவு நாடகத்துக்கு டிக்கெட் எடுங்கள். கதையை முன்பே படித்துவிடுங்கள். கிரேக்கம் தெரியாதது தடையாக இராது. குதிகால் உயர்ந்த செருப்புக்கு அனுமதி இல்லை.