கழுத்திருப் படங்களுக்கு எந்தப் பூட்டு?

கேள்வி: மகளின் திருமணத்தின்போது தாலி நகையான கழுத்திரு, வைரத்தோடு, சீர் சாமான்கள் எல்லாவற்றையும் வீட்டின் உள்முற்றத்தை ஒட்டிய வளவில் பரப்பிப் படம் எடுத்தோம். பேறுகாலத்துக்கு வந்த மகளும் பேரனும் இருக்கும் படங்களும் என் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே உள்ளன. சென்ற வாரம் திரை உடைந்து காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்தபோது, திறக்கும் எண்ணைக் கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மனம் அமைதியாக இல்லை. படங்களை எப்படிப் பாதுகாப்பது?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: இன்றே அந்த எண்ணை மாற்றுங்கள். யூபிஐக்கும் அதே எண்ணை வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். திரை மாற்றும் வேலைக்குப் பெரும்பாலும் எண் தேவைப்படாது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களே திறந்து காட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருக்கலாம். எண்ணைக் கேட்டது கடையின் வழக்கமாக இருக்கலாம். கொடுக்க மறுப்பது உங்கள் உரிமை. சாம்சங் கைப்பேசிகள் பலவற்றில் 'மெயின்டனன்ஸ் மோட்' என்ற வசதி உண்டு. திரை வேலை செய்யும் நிலையில் அதை இயக்கிவிட்டுக் கொடுத்தால், பழுது பார்ப்பவரால் உங்கள் படங்களையும் செய்திகளையும் திறக்க முடியாது.

இனி படங்களுக்கு வருவோம். நம் வீடுகளில் முகப்புக் கதவுக்குப் பூட்டு இருந்தாலும், நகை இருக்கும் உள்ளறைக்குத் தனிச் சாவிதான். கைப்பேசிக்கும் அப்படி ஓர் உள்ளறை வேண்டும். கேலரியில் ஆல்பத்தை 'மறை' என்று அழுத்துவது பல கைப்பேசிகளில் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது மட்டுமே. கோப்புகளைத் தேடத் தெரிந்தவருக்கு அது கிடைத்துவிடும். கூகுள் போட்டோஸ் செயலியின் 'லாக்டு ஃபோல்டர்' அதைவிட நல்லது. ஆனால் அது கைப்பேசியைத் திறக்கும் அதே எண்ணில் திறந்துகொள்ளும் என்பதால், அந்த எண்ணைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தால் பயனில்லை. சாம்சங்கின் 'செக்யூர் ஃபோல்டர்' தனக்கென வேறொரு எண்ணை ஏற்றுக்கொள்வதால், அந்தக் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை அதுதான். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் 'ஹிடன்' ஆல்பத்துக்கே பூட்டு உண்டு.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'லாக்டு ஃபோல்டரில்' பேக்கப் (கூகுள் கணக்கில் பிரதி சேமிப்பது) இயக்கப்படாமல் இருந்தால், செயலியை நீக்கும்போதோ கைப்பேசியை ரீசெட் செய்து புதிதுபோல் ஆக்கும்போதோ உள்ளே இருக்கும் படங்கள் திரும்பக் கிடைக்காதபடி போய்விடும். ஆகவே திருமணப் படங்களின் ஒரு பிரதியைப் பென்டிரைவில் ஏற்றி, நகைகளோடு இரும்புப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

உள்ளறைக்கு மாற்றிய பிறகும் பழைய பிரதிகள் வெளியே கிடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவை அந்தச் செயலியின் கோப்புறையிலும் பெற்றவர்களின் கைப்பேசியிலும் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தாலும் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அங்கிருந்தும் நீக்க வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகளுக்குக் காட்ட விரும்பினால், குழுவில் போடாமல் காணொளி அழைப்பில் காட்டுங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் வசதி இருந்தாலும், திரையை இன்னொரு கைப்பேசியால் படமெடுப்பதை அது தடுக்காது.

மகளின் படத்தை யாரேனும் தவறாகப் பயன்படுத்தினால் வெட்கப்பட்டு மறைக்காமல், ஆதாரங்களைச் சேமித்துக்கொண்டு, மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலோ 1930 என்ற எண்ணிலோ புகார் செய்யுங்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுப்பதற்கும் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66ஈ (66E) பிரிவு 3 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. குற்றம் பரப்பியவருடையது, மகளுடையது அன்று.

கேள்வி: பழைய கைப்பேசியை விற்கப்போகிறேன். படங்களை அழித்துவிட்டால் போதுமா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: போதாது. வேண்டிய படங்களை வேறிடத்தில் சேமித்தபின், கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். இன்றைய கைப்பேசிகளில் படங்கள் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாத வடிவிலேயே, சேமிக்கப்படுவதால், ரீசெட் செய்யும்போது அவற்றைப் படிக்கும் திறவுகோலும் அழிந்துவிடுகிறது. மெமரி கார்டில் அழித்த படங்களைப் பல நேரங்களில் மீட்டுவிட முடியும் என்பதால் சிம்மோடு அதையும் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.