டிசம்பரில் மின்னேரியாவா? ஹபரணைப் பக்கம் யானை பார்க்க

வணக்கம் அக்கா. டிசம்பர் கடைசியில் அம்மாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் பொலன்னறுவை வருகிறோம், யானைக்கூட்டம் பார்க்க மின்னேரியா தேசியப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த மாதத்தில் மின்னேரியாவை நம்ப வேண்டாம். ஓகஸ்ட், செப்டெம்பரில் அங்குள்ள குளம் வற்றும்போது, நீர் விலகிய தரையில் இளம்புல் முளைக்கும். யானைகள் கூட்டமாக வருவது அதற்குத்தான். டிசம்பரில் வடகீழ் பருவமழை குளத்தை நிரப்பிவிடும், புல் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது பெரும்பாலும் பக்கத்திலுள்ள ஹுருலு காட்டில்தான் அவற்றைப் பார்க்கலாம். ஹபரணையில் ஜீப் பிடிக்கும் முன், "நேற்று யானை எங்கே நின்றது?" என்று இரண்டு மூன்று சாரதிகளிடம் கேளுங்கள்.

பின்னேரம் மூன்று மணிக்கு முன்பே உள்ளே போய்விடுங்கள். பாதை குலுக்கும், அம்மாவை முன் சீட்டில் இருத்துங்கள். மழைக்கோட்டும் எடுங்கள்.

யானையைக் கண்டதும் என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் வைக்கும். அந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் கேட்க வேண்டும். கிட்டப் போகச் சொல்லி மட்டும் சாரதியை நெருக்காதீர்கள், குட்டியோடு நிற்கும் தாய்க்கு அது பெரிய தொந்தரவு.