டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது. போன ஆடி மாதம் காய்ச்சல், வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டைப் 1 சர்க்கரை என்று சொன்னார்கள். தினமும் நான்கு வேளை இன்சுலின். யூகேஜியைப் பாதியில் நிறுத்திவிட்டோம், வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்க்க வேண்டும். கோபியில் ஒரு பெரிய சிபிஎஸ்இ பள்ளி பார்த்தோம். நர்ஸ் இருக்கிறார், ஆனால் வேனில் ஒரு மணி நேரம், ‘குழந்தைக்கு ஏதாவது ஆனால் பள்ளி பொறுப்பல்ல’ என்று எழுதிக் கேட்கிறார்கள். ஊரிலேயே நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளி இருக்கிறது, அங்கே நர்ஸ் கிடையாது. பக்கத்திலேயே அரசுப் பள்ளியும் உண்டு. என் மாமனாரோ, பொம்பளப் புள்ள, வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல், பள்ளியில் சொல்லவே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?
- ஒரு தாய், கவுந்தப்பாடி பக்கம்

பதில்: அம்மிணி, உங்கள் மாமனார் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது தீராமல் எந்தப் பள்ளியும் சரிப்பட்டு வராது. மறைக்கக் கூடாது. ஒரு நாள்கூட. பேத்தி மேல் இருக்கிற பாசத்தில்தான் அவர் சொல்கிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பதினொன்றே கால் மணிக்கு வகுப்பில் என்ன நடக்கலாம் என்பதை அவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். காலையில் போட்ட இன்சுலின் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், பிள்ளை அவசரத்தில் இரண்டு இட்லியில் ஒன்றை மிச்சம் வைத்திருப்பாள், இண்டர்வெல்லில் ஓடிப்பிடித்து விளையாடியிருப்பாள், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும், அதைத்தான் ‘லோ’ என்கிறோம். அந்த வயசில் ‘லோ ஆகுது மிஸ்’ என்று சொல்லத் தெரியாது. பென்சில் கை நழுவும், பக்கத்துப் பிள்ளையோடு காரணமில்லாமல் சண்டை போடுவாள், நெற்றி வேர்க்கும், அப்புறம் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுத்துக்கொள்வாள். விஷயம் தெரியாத டீச்சர் பாவம் தூக்கம் வருகிறது என்று நினைத்து, நல்ல மனசோடுதான், அப்படியே விட்டுவிடுவார். கவனிக்காமல் விட்டால் அது நினைவு தப்பி வலிப்பு வரைக்கும் போகும். கல்யாணக் கவலைக்கும் இதையே சொல்லுங்கள்: டைப் 1 உள்ள பெண்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, குழந்தை பெற்று நன்றாக இருக்கிறார்கள், சர்க்கரையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால்.

இப்போது பள்ளி. நர்ஸ் இருக்கிறார் என்பது உங்களை இழுக்கிறது, இழுக்கத்தான் செய்யும். ஆனால் நர்ஸ் உட்கார்ந்திருப்பது ஆபீஸ் பக்கத்து அறையில், உங்கள் மகள் இருக்கப்போவது வேறொரு கட்டடத்தில் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில். அவள் முகம் வாடுவதை முதலில் பார்க்கப்போகிறவர் வகுப்பு டீச்சர், இல்லையென்றால் ஆயாம்மா. ஈரோட்டில் என் அக்கா பேரனுக்கும் டைப் 1 தான். பள்ளியில் அவனுக்கு லோ ஆனதை முதலில் கண்டுபிடித்தது அங்கே இருந்த ஆயாம்மா. டிபன் டப்பா மூடியைத் திறக்க முடியாமல் அவன் விரல் நடுங்கியதைப் பார்த்திருக்கிறார், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் டீச்சர் மேஜை டிராயரில் இருந்த குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து, கொஞ்சம் தண்ணீரில் கலக்கி அவன் வாயில் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் அம்மா அந்த ஆயாம்மாவையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்ததால்தான் இது நடந்தது. நர்ஸ் படிப்பு இதற்குத் தேவைப்படவில்லை.

அதனால் என் சாய்வு உங்கள் ஊர்ப் பள்ளிப் பக்கம். இன்னொரு பெரிய காரணம், மதியம். நான்கு வேளை இன்சுலின் என்றால் ஒன்று மத்தியானச் சோற்றுக்கு. ஐந்தரை வயதுக் குழந்தை தானே போட்டுக்கொள்ள முடியாது, போட வேண்டியதும் இல்லை. நடக்கிற தூரம் என்றால் நீங்களோ வீட்டில் பழகின இன்னொருவரோ போய், சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, எவ்வளவு சாப்பிட்டாள் என்று பார்த்துவிட்டு வரலாம். கோபி பள்ளியில் அந்த நர்ஸ் மதிய ஊசி போடுவாரா, அவர் லீவு போட்டால் யார் போடுவார் என்று கேட்டீர்களா? வேனையும் யோசியுங்கள். சாயங்காலம் விளையாடிக் களைத்து ஏறுகிற பிள்ளை, ஒரு மணி நேரம், டிரைவர் கண் ரோட்டில். லோ ஆனால் யார் பார்ப்பது?

ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். மெட்ரிக் பள்ளி பிரின்சிபாலையும், அரசுப் பள்ளி தலைமை ஆசிரியரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள், உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ‘மயக்கம் வந்தா நாங்க என்ன செய்யணும்?’ என்று கேட்கிறவர் பரவாயில்லை, அவரோடு மேலே பேசலாம். ‘இந்த வயசுலயேவா, நிறைய சாக்லேட் கொடுத்தீங்களா’ என்று கேட்டாலும் மனசு விட வேண்டாம், தெரியாமல் கேட்பது. இனிப்பால் வந்ததில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது, யாருக்கும் ஒட்டாது, மாத்திரையில் சமாளிக்க முடியாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ‘விளையாட்டு, டூர் எதுவும் வேண்டாம், ஓரமா உட்கார வெச்சுக்கறோம்’ என்று சொன்னால்தான் நான் யோசிப்பேன். அவள் எல்லோரையும் போல ஓடலாம், ஓடுவதற்கு முன்னால் சர்க்கரை பார்த்து, தேவையென்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியே பாத்ரூமையும் பார்த்துவிட்டு வாருங்கள். சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும். கேட்டவுடன் விட வேண்டும், நனைத்துவிட்டாலும் திட்டக் கூடாது. இதை டீச்சரிடம் வாய்விட்டே சொல்லுங்கள், பெரும்பாலான வீட்டில் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளி என்றால் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கொடுப்பார்கள். நல்ல திட்டம், ஆனால் வீட்டில் சாப்பிட்டு ஊசி போட்டுக்கொண்டு போன பிள்ளை அங்கே போய் இன்னொரு தட்டு பொங்கல் சாப்பிட்டால் சர்க்கரை எகிறும். எங்கே சாப்பிடுவது என்று ஒன்றை முடிவு செய்து ஊசி நேரத்தை அதற்கேற்ப டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளியானாலும் சாப்பாட்டு மணி தள்ளிப்போகக் கூடாது, ஊசி போட்ட பிறகு ‘இந்தப் பாடம் முடியட்டும்’ என்று நிறுத்தி வைக்கக் கூடாது.

எழுதிக் கேட்கிறார்களே, அந்தக் கடிதம். பயத்தில் கேட்கிறார்கள், அதற்காக நீங்கள் பயந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக டாக்டர் கையெழுத்தோடு தமிழில் ஒரு பக்கம் தயார் செய்து கொடுங்கள்: எப்போது சர்க்கரை பார்ப்பது, எவ்வளவு இருந்தால் என்ன செய்வது, யாருக்கு போன் செய்வது. தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது, டைப் 1 உள்ள பிள்ளைகள் வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், டாக்டர் சொன்ன நேரத்தில் நொறுக்குத்தீனி சாப்பிடவும் டீச்சர்கள் அனுமதிக்க வேண்டும் என்று. சண்டைக்காக இல்லை, ‘எங்களுக்கு ரூல் இல்லீங்க’ என்று யாராவது சொன்னால் எடுத்துச் சொல்ல உதவும்.

அந்த ஒரு பக்கத்தில் லோவுக்கு என்ன செய்வது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். குளுக்கோஸ் பவுடர் எவ்வளவு என்பதை அவள் எடையைப் பார்த்து டாக்டர் சொல்வார், பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சாக்லேட் கொடுக்க வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். லோ இருக்கும்போது தனியாக ஆபீசுக்கோ பாத்ரூமுக்கோ அனுப்பவே கூடாது, குளுக்கோஸ்தான் அவளைத் தேடி வர வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும், டாக்டர் குளுக்ககான் ஊசி (இறங்கின சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றுகிற அவசர ஊசி) எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் போடுவது எப்படி என்றும் ஒருவராவது பழகியிருக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டியது: நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் ஒன்றும் பண்ணாது என்று பாசத்தில் யாரும் சும்மா நேரத்தில் கொடுத்துவிடக் கூடாது, வெள்ளைச் சர்க்கரை மாதிரியேதான் ஏற்றும்.

ஊர்ப் பள்ளியில் இரண்டு பேரும் கை விரித்துவிட்டால், கோபி பள்ளிக்கே திரும்பப் போய், கரஸ்பாண்டெண்டை விட்டுவிட்டு ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்க்கக் கேளுங்கள். அவர் சரியான ஆளாக இருந்தால் வேனுக்கு வேறு வழி யோசிக்கலாம். இன்சுலின், சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் செலவு நெருக்கினால் கோவையில் டைப் 1 குழந்தைகளுக்காகவே இதயங்கள் அறக்கட்டளை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

எங்கே சேர்த்தாலும் முதல் இரண்டு வாரம் பள்ளி வளாகத்திலேயே இருக்க அனுமதி கேளுங்கள். புது இடம், புது விளையாட்டு, சர்க்கரை அங்கும் இங்கும் ஆடும், டோஸ் மாற்ற வேண்டியிருக்கும். டாக்டர் கடிதத்தை மே மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் மீட்டரில் பார்ப்பது எப்படி என்று உங்கள் விரலிலேயே குத்திக் காட்டுங்கள், அந்த நேரத்தில் மாமனாரையும் கூட உட்கார வையுங்கள்.