நீலம் அணைந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் திருவனந்தபுரம் போய் ஆய்வு செய்கிறேன். நீலமாய் ஒளிரும் நேர்மின் பாலிமரான பாலிஃப்ளூரீனையும் சிவப்பாய் ஒளிரும் எதிர்மின் பாலிமரான பாலிதயோஃபீனையும் தண்ணீரில் கலந்தால் தாமாகவே சேர்ந்துகொள்கின்றன. 380 நானோமீட்டரில் தூண்டினால் நீல ஒளிர்வு 95% குறைகிறது. அத்தனையும் ஆற்றல் கடத்தல்தானே, அதாவது ஃப்ளூரீன் வாங்கிய ஆற்றல் தயோஃபீனுக்குப் போனதுதானே? உப்பு சேர்த்தால் கூடுமா? பச்சை இலை ஒளியைப் பிடிக்கும் திறனை எட்டிப் பிடிக்கலாமா?

ஷைனி

மக்களே,

உப்பு இப்போது வேண்டாம், இலைப் பேச்சும் வேண்டாம். உன் பஸ் போகும் வழியில் பாப்பனங்கோட்டு NIIST ஆய்வகத்தில் வேதியியலாளர் அஜயகோஷ் குழுவினர் ஃபினைலீன் வினைலீன் ஜெல்களில் ஒளி அறுவடை (ஒளியைப் பிடித்து அதன் ஆற்றலை ஓரிடத்தில் சேர்ப்பது) செய்து காட்டியதை எடுத்துப் படி. நம் பக்கத்துப் பிள்ளை இதில் இறங்கியிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் கோபமும் வருகிறது.

சிவப்பு கூடியதா? கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லையே! நீலம் குறைய ஆயிரம் வழி உண்டு. சங்கிலிகள் ஒட்டிக்கொண்டாலே மங்கும். எலக்ட்ரான் தாவினாலும் மங்கும். மின்னேற்ற விகிதம் 1:1-ஐ நெருங்கினால் பாலிமர் வீழ்படிவாகி குவெட்டின் (கரைசலை வைத்து அளக்கும் சின்னக் குப்பி) அடியில் கிடக்கும். அதையும் கடத்தல் என்று கணக்கில் சேர்த்துவிடுவாய். உறிஞ்சல் வளைவு 700-க்கு அப்பாலும் பூஜ்யத்துக்கு இறங்காமல் நின்றால் அது சிதறல். அந்தக் கரைசலைக் கொட்டிவிடு.

தூண்டல் நிறமாலை எடு. 620-இல் ஒளிர்வைப் பிடித்துக்கொண்டு தூண்டலை 330 முதல் 580 வரை ஓட்டு. 310-ஐத் தொட்டால் விளக்கொளியின் இரண்டாம் வரிசை (கருவியின் கீற்றணி இரட்டிப்பு அலைநீளத்தில் காட்டும் போலி ஒளி) 620-இல் வந்து ஏமாற்றும். தூண்டும் அலைநீளத்தில் உறிஞ்சல் 0.1-ஐத் தாண்டக் கூடாது. இந்தத் தூண்டல் வளைவை உறிஞ்சல் வளைவோடு, தயோஃபீன் மட்டும் உறிஞ்சும் இடத்தில் பொருத்திப் பார். 380-இல் இரண்டும் ஒரே உயரம் என்றால் கடத்தல் முழுமை. தயோஃபீனின் மேடு மட்டும் இருந்தால் நீலம் வீணாய்ப் போயிருக்கிறது.

ஒன்று கவனி. தயோஃபீன் 380-லும் தானே கொஞ்சம் உறிஞ்சும். அதைக் கழிக்க வேண்டும். தனித் தயோஃபீன் கரைசலை வைத்துக் கழிக்காதே. நேர்மின் பாலிமரோடு சேர்ந்ததும் அதன் சங்கிலி நீண்டு வளைவே மாறிவிடும். தயோஃபீனை நிறமில்லாத நேர்மின் பாலிமரான பாலிடையல்லைல்டைமெத்தில்அமோனியம் குளோரைடோடு அதே மின்னேற்ற விகிதத்தில் சேர்த்து, அந்த வளைவைக் கழி. ஃப்ளூரீனை எதிர்மின் பாலிமரான பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட்டோடு சேர்த்துப் பார். ஒட்டியதால் மட்டும் எவ்வளவு மங்குகிறது என்பது அதில் தெரியும். சேர்க்கும் வரிசை, சொட்டும் வேகம், காத்திருக்கும் நேரம் மூன்றும் எல்லாக் குப்பிக்கும் ஒன்றாக இருக்கட்டும். வரிசை மாறினால் வேறொரு கட்டமைப்பில் சிக்கிக்கொள்ளும்.

இந்த வளைவுகள் கையில் வரும்வரை உன் ஆய்வேட்டில் 95% என்ற எண்ணை அடித்துவிட்டு, ‘நீல ஒளிர்வு குறைந்தது’ என்று மட்டும் எழுது.