‘கிரிபாதி’ என்று எழுதிவிட்டு ஏன் ‘கிரிபாஸ்’ என்று படிக்கிறார்கள்?

பசிபிக் தீவு நாடான கிரிபாஸின் பெயர் ரோமன் எழுத்தில் ‘கிரிபாதி’ என்றுதானே இருக்கிறது, இது எழுத்துப்பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிழையே இல்லை. நானும் பள்ளியில் ‘கிரிபாட்டி’ என்று மனப்பாடம் செய்தவன்தான். அந்த மொழியின் ஒலிகளைப் பற்றிப் படித்த பிறகுதான் தெளிந்தது. அங்கே இகரத்துக்கு முன்னால் வரும் ‘த்’ தானாகவே ‘ஸ்’ ஆகிவிடும். சொல்லின் கடைசியில் அந்த இகரமும் தேய்ந்து, காதில் ‘ஸ்’ மட்டும்தான் விழும். நம் ககரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒலி வேறு, எழுத்து ஒன்று. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து நாம் சரியாகப் படித்துவிடுகிறோம். அவர்களும் அப்படித்தான்.

அந்த எழுத்துமுறையை உருவாக்கிய மிஷனரியின் தட்டச்சுப் பொறியில் ‘எஸ்’ உடைந்திருந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள். அந்த மிஷனரி ஹைரம் பிங்கம் அங்குள்ள அபையாங் தீவுக்கு வந்தது 1857இல். ரெமிங்டன் தட்டச்சுப் பொறி கடைக்கு வந்தது 1874இல்தான். ‘த்’, ‘ஸ்’ இரண்டும் அந்த மக்களுக்கு ஒரே ஒலியின் இரண்டு சாயல்கள், அதனால் ஓர் எழுத்தே போதும். மொத்தம் 13 எழுத்துகளில் மொழி முழுவதும் அடங்கிவிடுகிறது.

நாட்டின் பெயரையே பிரித்துப் பாருங்கள். அது அந்தத் தீவுகளின் ‘கில்பர்ட்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயர்தான். அந்த மொழியில் ‘கல்’லில் வரும் ‘க்’ உண்டு, ‘தங்க’த்தில் வரும் ‘க்’ ஒலி கிடையாது. ‘ல்’ இல்லை, அதனால் ‘ர்’. இரண்டு மெய் ஒட்டி நிற்கக் கூடாது, நடுவில் ஓர் இகரம் வந்துவிட்டது. எழுத்தில் மூக்கொலி தவிர வேறு மெய்யில் சொல் முடியாது, அதனால் கடைசியில் ‘தி’. ‘க்ளார்க்’ தமிழில் ‘கிளார்க்கு’ ஆன கதையும் கிட்டத்தட்ட இதேதான்! 1777 டிசம்பர் 24 அன்று ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் கண்ட கிறிஸ்துமஸ் தீவு அவர்கள் எழுத்தில் ‘கிரிதிமாதி’. படிப்பது ‘கிரிஸ்மஸ்’.

குறில் நெடிலும் நம்மைப் போலவே பொருளை மாற்றும். ‘ஒன்’ என்றால் நிறைந்த, ‘ஓன்’ என்றால் ஆமைகள். நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்து எழுதுவார்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய ‘ங’. நமக்கு ஆத்திசூடியின் ‘ஙப் போல் வளை’ தவிர ஙகரத்தில் தொடங்கும் சொல் நினைவுக்கு வருவதே கஷ்டம். அவர்களுக்கு ‘நான்’ என்பதற்கே ‘ஙாய்’ என்றுதான் சொல். ரோமனில் ‘ங’வுக்கு இரண்டு எழுத்து சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது, தமிழில் ஒரே எழுத்து. அதனால் ஊர்ப்பெயர்களை ரோமன் எழுத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றாமல், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். தமிழில் ‘கிரிபாஸ்’ என்றே எழுதலாம்.